முதல் ஈபி: கொழும்பு ஸ்டூடியோவா, தோட்டத்து வீட்டு அறையா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நாலு பேர் சேர்ந்து சொந்தப் பாட்டோடு ஒரு ரொக் குழு தொடங்கினால், கொஞ்ச நாளில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: முதல் ஈபியை எங்கே பதிவு செய்வது? கொழும்பில் ஸ்டூடியோ எடுப்பதா, வீட்டிலேயே செய்வதா, ஊர் மண்டபத்தில் எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவதா? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் மலையில்தான் பதிவாக வேண்டும். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியது.

ஈபி என்றால் நாலு முதல் ஆறு பாட்டு, மொத்தம் அரை மணித்தியாலத்துக்குள். ஆப்பிள் மியூசிக் வைத்திருக்கும் அளவும் ஏறக்குறைய இதுதான். இங்கே ஐந்து பாட்டு என்று வைத்துக்கொள்வோம்.

கொழும்பு ஸ்டூடியோவுக்குப் போக வலுவான காரணம் ட்ரம்ஸ். கிக், ஸ்னேர், டொம் என்ற முரசுகளுக்கும், மேலே சிம்பல் தட்டுகளுக்கு இரண்டுமாக ஏழெட்டு மைக் வைப்பார்கள். ஒவ்வொன்றும் தனித் தடமாகப் பதிவாகும். பிறகு ஸ்னேரை மட்டும் ஏற்றலாம், கிக்கை மட்டும் இறுக்கலாம். மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் இன்டர்ஃபேஸ்; நம் பிள்ளைகள் வாங்கக்கூடியதில் பெரும்பாலும் இரண்டு மைக்தான் செருக முடியும். இரண்டு மைக்கிலும் ட்ரம்ஸ் பதியலாம், ஆனால் அதற்கு அறை நன்றாக இருக்க வேண்டும். நம் அறைகள் அப்படியில்லை.

ஸ்டூடியோவின் குறை, மணிக்கணக்கில் ஏறும் வாடகை. ஹட்டனில் விடியப்புறம் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று வளைவு வளைவாக இறங்கிப் போனால் அரை நாள் முடிந்துவிடும். அந்தக் களைப்போடு, மணிக்கூட்டைப் பார்த்தபடி மைக் முன்னால் நிற்கும் பாடகர் தனக்குப் பழகிய சினிமாப் பாட்டு உச்சரிப்புக்குள் ஒதுங்கிவிடுவார். கொழுந்து மலையையும் லயன் வீடுகளையும் பற்றித் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் எழுதிய வரி, சென்னையில் எழுதியது மாதிரி வெளியே வரும். பதிந்த தடங்களை அளவு பார்த்துக் கலக்கும் எந்த மிக்ஸிங்காலும் இதைத் திருத்த முடியாது. பெயர் தெரியாத ஒரு குழுவிடம் இருக்கும் பெரிய சொத்தே அந்தக் குரல்தானே!

சரி, வீட்டு அறை எப்படி? தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான பழைய லயனில் ஓர் அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பத்தடி தள்ளி எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை விரல் வைக்காமல் தட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் அறை முழுக்கக் குமுறும், மற்றவை அடங்கிக் கேட்கும். சுவரில் கம்பளியும் மெத்தையும் தொங்கவிட்டால் கைதட்டும்போது வரும் கிணுகிணுப்பு குறையும், ஆனால் இந்தக் குமுறல் குறையாது. அந்த அலையின் நீளம் ஆறு மீற்றர், கம்பளி அதை ஒன்றும் செய்யாது. அதனால் பேஸை அம்ப் முன்னால் மைக் வைத்துப் பதியாமல் நேராக இன்டர்ஃபேஸில் செருகுங்கள். அப்போது அறையின் ஒலி பதிவுக்குள் வராது. மிக்ஸிங்கை அந்த அறையில் ஸ்பீக்கர் வைத்துச் செய்யவே வேண்டாம். குமுறலைக் கேட்டுப் பேஸைக் குறைத்துவிடுவீர்கள், வெளியே போட்டால் பாட்டு மெலிந்து கேட்கும்.

கிட்டாரில் ஓயாத இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் இது பல நேரம் உதவும். குளிரிலும் ஈரத்திலும் சுருதி நகரும், ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் டியூன் பாருங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் மட்டும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, மண்டபம். சீமெந்துத் தரை, உயரமான கூரை, எல்லா மைக்கிலும் எல்லாமே கேட்கும். ஒருவர் பிழை விட்டால் நாலு பேரும் திரும்ப வாசிக்க வேண்டும். முழு ஈபியையும் அப்படிப் பதிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பாட்டில் தப்பு என்ற தோல் பறை இருந்தால் மண்டபத்தை மிஞ்ச எதுவுமில்லை. தப்பை நெருப்பில் காட்டிச் சூடேற்றித்தான் அடிக்க வேண்டும். மலைக் குளிரில் தோல் சீக்கிரம் தளரும், இடையிடையே மறுபடி காய்ச்ச வேண்டும். ஏசி ஸ்டூடியோவுக்குள் இதற்கு இடமேது? மண்டப முற்றத்தில் நெருப்பை மூட்டி, உள்ளே இரண்டு மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். கோயில் திருவிழாவில் தப்பை எப்படிக் கேட்டு வளர்ந்தோமோ அந்த முழக்கம் அப்படியே கிடைக்கும். அதை நெருங்கிய மைக்கில் பிடித்துச் சுருக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? கொழும்பில் ஒரே ஒரு நாள், ட்ரம்ஸுக்கு மட்டும். அதற்கு முன் வீட்டில் கிளிக்கோடு (வேகம் மாறாமல் காட்டும் டிக் டிக் ஒலி) கிட்டாரும் குரலும் மாதிரிக்குப் பதிந்து, அதைக் காதில் போட்டு ட்ரம்மர் ஐந்து பாட்டையும் மனப்பாடம் ஆகும்வரை பழகியிருக்க வேண்டும். மிச்சப் பணம் மிக்ஸிங் செய்பவருக்கு. குழுவில் இல்லாத ஒருவராக இருக்கட்டும். தன் பாட்டை நூறு தரம் கேட்டவருக்கு எது அதிகம், எது குறைவு என்று தெரியாமல் போய்விடும்.

எங்கே வெளியிடுவது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு இல்லை. வருமானக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு பாட்டை முதலில் யூடியூபில் விடுங்கள். நம் ஊர்ச் சனம் பாட்டுக் கேட்பது அங்கேதான். மற்ற நாலும் பின்னால் ஈபியாகச் சேர்ந்து வரட்டும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கூரையை விடாது. குரல் பதிவை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ட்ரம்ஸ் நாளை அதற்கு முன்னால் பிடியுங்கள்.