தடித்த ஸ்டெபிலைசர் பாரா, கம்பனி பாரா: வன்னி றோட்டுக்கு எது சரி?

ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சில்லுகளைப் பிணைத்து, வளைவில் வண்டி சரியாமல் பிடிக்கும் உருக்குக் கம்பி; கம்பனி பார் என்றால் வண்டியோடு வந்த பார். ஏ9 வீதியில் மட்டும் ஓடுகிற காருக்குத் தடித்த பார் நல்லதுதான். மாங்குளம் பக்கம் இரவில் மாடு குறுக்கே வந்து சட்டென்று ஒடித்துத் திருப்பும்போது வண்டியின் உடல் சரியாமல் நிற்கும், ஸ்டியரிங்குக்கு வண்டி உடனே பதில் சொல்லும். பாரின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு கூடுவதால், 20 மில்லிமீற்றர் பாரை 22 ஆக்கினாலே, மற்ற அளவுகள் மாறாவிட்டால், கிட்டத்தட்ட 46 வீதம் விறைத்துவிடும். சின்ன மாற்றம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் வீதியை விட்டுக் கிறவல் ஒழுங்கைக்குள் இறங்கினால் கதை வேறு. பார் இரண்டு பக்கச் சில்லையும் பிணைத்து வைத்திருப்பதால், இடது சில்லு குழியில் விழுந்தால் அந்த உதறல் வலது பக்கத்துக்கும் போகும், விறைப்பு கூடக்கூட ஒரு சில்லு நிலத்தில் சரியாகப் படியாமல் பிடிப்பை இழக்கும், ஈரக் களிமண்ணில் இது ஆபத்து. இங்கே கம்பனி பார்தான் வெல்லும். இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கும் மேடுகளில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்புறம், எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதும் முக்கியம். முன்னுக்கு மட்டும் தடிப்பாக்கினால் வளைவில் வண்டி வெளியே தள்ளும், பின்னுக்கு மட்டும் என்றால் வால் வீசப் பார்க்கும், மழையில் அதைப் பிடிப்பது கஷ்டம்.

என்னைக் கேட்டால், வயல், குளக்கட்டு என்று திரிகிறவர் கம்பனி பாரையே வைத்து, பாரைப் பிடித்திருக்கும் றப்பர் புஷ்ஷும் அதைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கும் தேய்ந்திருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள்.