ஆர்வமா, ஆவலா, குறுகுறுப்பா?

தெரிந்துகொள்ளும் ஆசைக்கு இந்த மூன்றில் எதைப் போட்டாலும் சரிதான் என்று தோன்றும். வாக்கியத்தில் மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கும். கூட வரும் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆவல் தீரும். 'புதுப் பாலத்தைப் பார்த்து ஆவலைத் தீர்த்துக்கொண்டார்கள்' என்கிறோம். ஆர்வம் அப்படித் தீராது. வளரும், குறையும், குன்றும். ஆவலுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு செயல் நிற்கும்: பார்க்க ஆவல், கேட்க ஆவல். ஆர்வத்துக்கு ஒரு துறை வேண்டும்: கணிதத்தில் ஆர்வம், பறவைகள் மீது ஆர்வம். 'ஆர்வமுள்ளோர் விண்ணப்பிக்கலாம்' என்ற விளம்பரத்தில் 'ஆவலுள்ளோர்' என்று மாற்றினால் சிரிப்புத்தான் வரும்.

இந்த ஆர்வம் பொருள் மாறி வந்த சொல். 'அன்பு ஈனும் ஆர்வம் உடைமை' (குறள் 74) என்னும்போது அது பற்று, விருப்பம். குறள் 71 சொல்லும் ஆர்வலர் அன்புடையவர்.

இன்று அதிகம் கண்ணில் படும் பிழை, 'படம் ஆர்வமாக இருந்தது'. ஆர்வம் பார்ப்பவருக்கு வருவது. படத்தில் இருப்பது சுவாரசியம். அவசர மொழிபெயர்ப்புகளில் இது தப்பாமல் எட்டிப் பார்க்கும்.

குறுகுறுப்பு மனசில் எறும்பு ஊர்வதுபோல. பூட்டிய அலமாரி, அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சு, இவற்றுக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் 'மனசு குறுகுறுத்தது' என்று மொட்டையாக எழுதினால் ஏதோ தப்பு செய்துவிட்டார் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். 'உள்ளே என்ன இருக்கிறதோ என்ற குறுகுறுப்பு' என்று காரணத்தை முன்னால் வைத்தால் சிக்கல் இல்லை. (புறநானூறு 188-இல் வரும் 'குறுகுறு நடந்து' குழந்தையின் நடை, அதை இதற்குச் சான்றாக இழுக்க வேண்டாம்.)

ஆர்வக்கோளாறு என்பது அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்தவருக்கு. அறியும் ஆசைக்கு அது உதவாது.

யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்று ஒன்று உண்டு. அடுத்த வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் 'விடுப்புப் பார்க்கிறார்', அதைப் பற்றித் துருவினால் 'விடுப்புக் கேட்கிறார்'. தமிழ்நாட்டு வாசகர் இதை லீவு என்று படித்துவிடுவார். வம்பு என்று மாற்றலாம், ஆனால் அதில் பேச்சு மட்டுமே வரும். எட்டிப் பார்ப்பதற்கு வேடிக்கையைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.