தேவ பிரசன்னத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஒரு மருத்துவ மிஷன் பயணத்தைப் பற்றி

10 நாள் மருத்துவ மிஷன் பயணம் ஒன்றுக்கு ஃபார்மசிஸ்டாகப் போய்விட்டு வந்தேன். நாமும் போகலாமா என்று யோசிக்கிற இரண்டு மூன்று பேர், எப்படி இருந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார்கள், அதனால் இது. கூட்டிப்போன அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்படிப் போய்வந்த வேறு யாரைக் கேட்டாலும் இதில் பாதியை அவர்களே சொல்வார்கள்.

பதிவு செய்த மறுநாளே ஒரு தாள் அனுப்பினார்கள். தடுப்பூசி, டார்ச், கொசுவலை, ஷூ என்று பட்டியல். அதற்கு மேலே தடித்த எழுத்தில் 'இந்த நாட்களில் தேவ பிரசன்னத்தைப் புதிய விதமாக உணர்வீர்கள்' என்று ஒரு வரி. கடவுள் நம் பக்கத்திலேயே இருப்பதைத்தான் கிறிஸ்தவர்கள் அப்படிச் சொல்வோம். ஹோட்டல் விளம்பரத்தில் 'அறையிலிருந்து கடல் தெரியும்' என்று போடுவார்களே, அந்த மாதிரி. கடல் தெரிந்ததா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் எழுத்தில் கொடுத்தது அவர்கள்தானே, அதற்கும் மதிப்பெண் போட்டுத்தான் ஆகவேண்டும். முதலில் சுலபமானதை முடித்துவிடுகிறேன்.

தயாரிப்பு: 5-க்கு 2. போவதற்கு முன் ஆன்லைனில் மூன்று கூட்டங்கள் வைத்தார்கள், மூன்றிலும் பாட்டும், கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று ஆளாளுக்குச் சொல்கிற சாட்சியும்தான் அதிகம், எந்த மருந்து எவ்வளவு வருகிறது என்று நான் கேட்டபோது 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்றார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி, ஆனால் காலாவதித் தேதியை மனுஷன்தான் பார்க்க வேண்டும். போய் இறங்கிய இரவே பெட்டிகளைப் பிரித்து உட்கார்ந்தேன். நன்கொடையாக வந்த மருந்துகள். இருமல் மருந்து மலைபோல, வைட்டமின் அதைவிட, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் கொஞ்சம்தான், அடுத்த மாதமே காலாவதியாகிற ஆன்டிபயாடிக் ஒரு பெட்டி, யாரோ டாக்டருக்கு வந்த இலவச மாதிரிகள் ஒரு பை நிறைய. உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே மருந்து நன்கொடைக்கென்று வழிகாட்டுதல் போட்டுவிட்டது: வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்கு மீதம் இருக்க வேண்டும், இலவச மாதிரிகளை அனுப்பக் கூடாது, வாங்குகிறவர்களுக்குத் தேவையானதைத்தான் அனுப்ப வேண்டும். ஏழைகளுக்குத்தானே என்று எதையாவது மூட்டை கட்டக் கூடாது என்பதற்காக எழுதியது அது. அன்று இரவு 2 மணி வரை கழித்துக்கட்டினேன். கோபத்தில் ஜெபமே வரவில்லை.

சொறி சிரங்குக்கான பெர்மெத்ரின் கிரீம் இன்னொரு கதை. அதை ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்து அனுப்பினால் வீண், வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவ வேண்டும், இல்லையென்றால் இரண்டு வாரத்தில் திரும்ப வந்து நிற்கும். வந்த டியூப்கள் மூன்று குடும்பங்களுக்குக்கூடப் போதவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

முகாம் நடந்த விதம் பரவாயில்லை. பதிவு, பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற இடம், டாக்டர்கள், கடைசியில் என் மருந்து மேசை. பயிற்சி இல்லாத இளைஞர்கள் இரண்டு பேர் ஊசி போட்டுப் பார்க்கட்டுமா என்று ஆசைப்பட்டபோது தலைமை டாக்டர் அங்கேயே முடியாது என்று சொல்லிவிட்டார், அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் நோயாளிகளின் முகத்தை யார் யாரோ கேட்காமலே போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததை அவராலும் நிறுத்த முடியவில்லை. உடம்பைக் காட்ட வந்தவர்களை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் ஜெப மேசையை டாக்டருக்கும் மருந்துக்கும் நடுவில் போட்டிருந்தார்கள். அதாவது ஜெபத்தைத் தாண்டாமல் மாத்திரைக்கு வர முடியாது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, உண்மைதான், ஆனால் கையில் சீட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? வயதான டாக்டர் ஒருவர் பேசாமல் போய் அந்த மேசையின் ஒரு முனையைத் தூக்கினார், மறுமுனையை நான் தூக்கினேன், மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டோம். அப்புறம் ஜெபத்துக்கு வந்தவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று ஒரு அண்ணனுக்கு வருத்தம். வந்தவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

என் வேலை என்ன என்று கேட்டால், எண்ணுவது. தட்டில் மாத்திரையைக் கொட்டி, தட்டைக் கத்தி மாதிரியான ஒன்றால் ஐந்து ஐந்தாகத் தள்ளி, 30 ஆனதும் காகித உறைக்குள் போடுவது. காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு நிலா என்று உறைமேல் வரைந்துவிடுவேன், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் என்று. நல்ல யோசனை என்று எனக்கு நானே பாராட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாத்தா, இதைப் பௌர்ணமி அன்றைக்கு மட்டும்தானே போட வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மொழி தெரியாது, எல்லாம் மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பெண் வழியாகத்தான். எண்ணும்போது என் உதடு அசையும், சின்ன வயசுப் பழக்கம். வரிசையில் இருக்கிறவர்கள் நான் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இல்லை, 15, 20, 25 என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழைக் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், உடற்கூறியல் முதலான நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை நம்மில் பலருக்குத் தெரியும்: திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்காக வந்து கதவைத் தட்டினார்கள், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்றதால் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் கதவு தட்டிய சத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் உடனே பையைத் தூக்கிக்கொண்டு ஊழியத்துக்கு ஓடவில்லை, போய்ப் படித்தார், 1899-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்துவிட்டு 1900-ல்தான் திரும்பி வந்தார். 10 நாளில் வந்து 10 நாளில் போகிற எங்களை இவர்களோடு சேர்த்துப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சரி, பிரசன்னத்துக்கு வருகிறேன்.

காலைத் தியானம் 20 நிமிடம், அளவாக, நன்றாக இருந்தது. ராத்திரிதான் பிரச்சினை. ஒன்பது மணி நேரம் கால் கடுக்க நின்றுவிட்டு வந்தவர்களை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் ஆராதனை, அது முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து 'இன்று கர்த்தர் உங்களோடு என்ன பேசினார்?' என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் ஏதோ இருந்தது. என்னிடம் எதுவும் இல்லை. முதல் நாள் களைப்பு என்று சொல்லித் தப்பித்தேன், இரண்டாம் நாள் ஒரு பிள்ளையின் சிரிப்பில் ஆண்டவரைக் கண்டதாகச் சொன்னேன், எல்லாரும் ஆமென் என்றார்கள். அப்படி எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. அன்று வந்த பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரையை மென்று தின்னச் சொல்லிக் கொடுத்திருந்தேன், எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போயின. படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. பிரசன்னத்தைப் பற்றிப் பொய் சொன்னது அதுதான் எனக்கு முதல் தடவை. முதல் தடவைதானா என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், மத்தியானத்துக்கு மேல், டோக்கன் 114. எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா. பிரஷர் 190-க்கு 110. அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று, ஒரு சூரியன் வரைந்தேன். இந்த மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும், அப்படி வந்தால் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், யாரையாவது பார்த்துக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே குனிந்து என் கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். நின்று நின்று என் கால் வீங்கி, ஷூவுக்கு மேல் பன் மாதிரி உப்பியிருந்தது. நீயும் இதே மாத்திரையா போடுகிறாய் என்று கேட்டார். மொழிபெயர்க்கிற பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இல்லை, காலையிலிருந்து நிற்கிறேன் என்றேன். அந்த அம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது, ஐந்து நாளாக அதன்மேல் அட்டைப்பெட்டிகளைத்தான் அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார், நாற்காலியைத் துடைத்தார், என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். வரிசை நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும். யாரும் எதுவும் பேசவில்லை.

அவ்வளவுதான். மெய் சிலிர்க்கவில்லை, கண்ணீர் வரவில்லை, எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கால் வலி குறைந்த சுகம்தான் அது என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வார்த்தை அப்போது மனசில் வந்து நின்றது, 'விசாரிக்க வந்தீர்கள்'. பைபிளில் மத்தேயு 25-ல் இயேசு சொல்வதாக 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்' என்று இருக்கிறது. சின்ன வயசிலிருந்து மனப்பாடம். குணமாக்கினீர்கள் என்று அங்கே இல்லை, விசாரிக்க வந்தீர்கள் என்றுதான் இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த வசனத்தில் ஆண்டவர் டாக்டர் இல்லை, நோயாளி. அந்த வாரம் முழுக்க நாங்கள் ஆண்டவரை இந்த மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று பாடிக்கொண்டிருந்தோம். அவர் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் கொண்டுபோனது யாரை? அன்றைக்கு விசாரிக்கப்பட்டது நான். அதை ராத்திரி வட்டத்தில் சொல்லவில்லை. சொன்னால் ஆமென் என்பார்கள், அது எனக்கு வேண்டாமென்று இருந்தது.

எழுந்து போகும்போது அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். 30 மாத்திரை இருக்கிறதே, அது தீர்ந்த பிறகு?

மொழிபெயர்த்த பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிரஷருக்கு ஒரு மாத மாத்திரை என்பது வைத்தியமே இல்லை, வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியது அது. அங்கே மிஷன் ஆலயத்தை ஒட்டி ஒரு நர்ஸ் சிஸ்டர் 11 வருடமாக ஒரே ஒரு பிரஷர் கருவியோடு இருக்கிறார். சாயங்காலம் அவரிடம் போய்க் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் நீங்கள் போனதும் ஜனங்கள் வெறும் மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள், உங்கள் மாத்திரை என்னிடம் இருக்காது, யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் தெரியாது என்றார். அவர் குரலில் குறை சொல்கிற தொனிகூட இல்லை, அதுதான் சுட்டது. அருகில் இருக்கிற அரசு சுகாதார நிலையத்தோடு எங்கள் அமைப்பு ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

பைபிளில் வருகிற நல்ல சமாரியன் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவன் எண்ணெய் வார்த்ததையும் காயம் கட்டியதையும்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அவன் மறுநாள் கிளம்பும்போது சத்திரக்காரன் கையில் பணத்தைக் கொடுத்து 'நீ இவனை விசாரித்துக்கொள்' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான், திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்கிறான். அங்கேயும் அதே வார்த்தை. கடைசி மூன்று நாள் நானும் அந்தக் கல்லூரிப் பெண்ணும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்களை மட்டும் எழுதினோம்: பெயர், அளவு, மருந்து, எத்தனை நாளுக்கு. முதல் ஐந்து நாளுக்கான சீட்டுகளைத் தேடிப்பிடித்து எழுதியதில் பாதிதான் கிடைத்தது. 114 கிடைத்தது. நோட்டை சிஸ்டரிடம் கொடுத்தேன், வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். 5-க்கு 5 யாருக்காவது போடுவதென்றால் அவருக்குத்தான், ஆனால் அந்தத் தாளில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போகலாமா என்று கேட்டவர்களுக்கு: ஃபார்மசிஸ்ட், நர்ஸ், பல் டாக்டர், அந்த மொழி தெரிந்தவர், கணக்கு எழுதப் பொறுமை உள்ளவர் என்றால் போங்கள், வேலை இருக்கிறது. உங்கள் விசுவாசம் வறண்டு கிடக்கிறது, அதைச் சரிபண்ணிக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள், அங்கே வருகிறவர்கள் மூட்டுவலிக்கும் கண் தெரியாததற்கும் வருகிறார்கள், நம் வறட்சியை ஆற்றுவது அவர்கள் வேலை இல்லை. நானும் அப்படித்தான் போனேன் என்பது வேறு விஷயம்.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கேட்டு மெயில் வந்திருக்கிறது. இரண்டு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன். மருந்துப் பட்டியலும் காலாவதித் தேதியும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் என் கைக்கு வருமா? 31-ஆம் நாள் மாத்திரையை யார் கொடுப்பார்கள்? முதல் கேள்விக்கு அன்றைக்கே வரும் என்று பதில் வந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை, பெயர் கொடுக்காமல் இருக்கிறேன்.