சேலத்திலிருந்து ஒருநாள்: பிடதியா, மேட்டுப்பாளையமா, திருப்போரூரா?

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். அம்மாப்பேட்டையில் நாங்கள், குகையில் அக்கா வீடு, ஆத்தூரில் தம்பி வீடு. எல்லோருமாக ஒரு வேன் பிடித்து ஒருநாள் ஏதாவது ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் ஆடிவிட்டு வருவது பல வருட வழக்கம். மொத்தம் பதினேழு பேர். மூத்தவர் அம்மா, 71 வயது. கடைக்குட்டி அக்காவின் பேத்தி, மூன்று வயது. வேன் பேசுவதும் டிக்கெட் போடுவதும் என் பொறுப்பு. முன்பெல்லாம் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரா, பெங்களூர் வொண்டர்லாவா என்பதோடு விவாதம் முடிந்துவிடும். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் சென்னை வொண்டர்லா திறந்ததும் மூன்றாவதாக ஒரு கட்சி கிளம்பிவிட்டது. அதனால் இந்த முறை மூன்றையும் உட்கார்ந்து அலசினேன்.

முதலில் தூரம். சேலத்துக்காரர்களுக்குப் பாதி முடிவை ரோடே எடுத்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர்: சங்ககிரி, பவானி, பெருந்துறை வழியாக அவிநாசி வரை நால்வழிச் சாலை, அங்கிருந்து அன்னூர் வழி. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கலாம். பெங்களூர் வொண்டர்லா என்று சொன்னாலும் அது பெங்களூருக்குள் இல்லை. ஊரைத் தாண்டி மைசூர் ரோட்டில் பிடதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெங்களூரே இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர், அதற்கு மேலும் போக வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் ரோட்டைப் பிடித்தால் ஊருக்குள் போகாமலே மைசூர் ரோட்டுக்கு வந்துவிடலாம். சுங்கம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அந்தக் காசுக்குத் தகுந்த நேரம் மிச்சமாகிறது. சென்னைப் பூங்காவுக்கும் சென்னைக்குள் நுழையத் தேவையில்லை. உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருப்போரூர் ரோட்டில் திரும்பிவிடலாம். அப்படியும் 300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம் என்றால் நடுவில் ஆடுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

போகிற வழியைவிடத் திரும்பி வருகிற வழியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பிடதியில் மாலை ஆறு மணிக்கு மேல் கிளம்பினால் தொப்பூர் கணவாயைத் தொடும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் பக்கம்தான் அங்கே இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்று நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பகல் முழுக்க வெயிலில் காத்திருந்த டிரைவரை அந்த இறக்கத்தில் அரைத்தூக்கத்தோடு வண்டி ஓட்டவிட எனக்கு மனசு வருவதில்லை. பிடதி போவதென்றால் இரண்டாவது டிரைவர் வேண்டும், இல்லையென்றால் கிருஷ்ணகிரியில் நிறுத்தி அவர் ஒரு மணி நேரமாவது படுத்து எழ வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சரி, உள்ளே போவோம்.

மூன்று பூங்காக்கள் என்றாலும் இரண்டு ஒரே நிறுவனத்துடையவை. வீ-கார்டு ஸ்டெபிலைசரைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சியில் ஆரம்பித்த வீகாலேண்டுதான் பின்னாளில் வொண்டர்லா ஆனது. 2005-இல் பிடதி, 2016-இல் ஐதராபாத், 2024-இல் புவனேசுவரம், அதற்கு அடுத்த வருடம் சென்னை. 2014-இல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டார்கள். ஐந்துமே பெரிய நகரங்களை ஒட்டியவை. சுற்று வட்டாரத்தில் காரிலும் பஸ்ஸிலும் வந்து, ஒரு பகல் ஆடிவிட்டு வீடு திரும்புகிற கூட்டத்தை நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது. அமெரிக்காவில் சிக்ஸ் பிளாக்ஸ், சீடர் ஃபேர் என்ற பூங்கா நிறுவனங்கள் வளர்ந்தது இதே வழியில்தான். 2024 ஜூலையில் அந்த இரண்டும் ஒன்றாகவே சேர்ந்துவிட்டன. பிளாக் தண்டர் அப்படியில்லை. நீலகிரி அடிவாரத்தில் ஊட்டி ரோட்டின் மேலேயே இருக்கிற ஒற்றைப் பூங்கா அது.

இந்த வித்தியாசம் ஆடப் போகிறவனுக்கு எதற்கு என்று தம்பி கேட்டான். பிடதியில் முதல் அரைமணி நேரத்திலேயே அது கண்ணில் படும். ரோலர் கோஸ்டரில் ஒரு பணியாள் தடுப்பை இறக்கிப் பூட்டிக்கொண்டே போகிறார். பின்னாலேயே இன்னொருவர் வந்து ஒவ்வொரு தடுப்பையும் கையால் மேலே இழுத்துப் பார்க்கிறார். கடைசி இருக்கை முடிந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார்கள். பல ஊர்களில் பூங்கா நடத்தும் நிறுவனத்தில் ஒரு இடத்தில் படித்த பாடம் மற்ற இடங்களுக்கும் போய்ச் சேரும். புது ரைடு வாங்கவும் அவர்களிடம் பணம் இருக்கிறது. பிடதியில் ரீகாயில் என்று ஒன்று உண்டு. முன்னால் போய்ச் சுழன்ற அதே தடத்தில் பின்னோக்கியும் சுழற்றிக் கொண்டுவந்து விடும். சென்னையில் தஞ்சோரா. தடம் தலைக்கு மேலே ஓட, கால்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு அதில் ஏறிப் பார்த்தேன். முதல் இறக்கத்தில் கண்ணை மூடியவன் இறங்கும்வரை திறக்கவில்லை. ஆனால் இறங்கியதும் நேராகத் திரும்ப வரிசையில் போய் நின்றுகொண்டான்.

ரைடு மட்டுமே கணக்கு என்றால் பிளாக் தண்டர் இவற்றோடு போட்டி போட முடியாது. அங்கே தண்ணீர்தான் எல்லாம். அலைக்குளம், சறுக்குகள், குழந்தைகளுக்கு ஆழமில்லாத குளம், எதிரே நீலகிரி மலை. ஆனால் எங்கள் வேனில் இருக்கிற பதினேழு பேரில் ரோலர் கோஸ்டர் ஏறுகிறவர்கள் ஆறு பேர்தான். மற்ற பதினொரு பேருக்கும் தண்ணீரில் இறங்கினால் போதும். பூங்காவுக்குள் காலெடுத்து வைக்கிற எல்லோருக்கும் டிக்கெட் உண்டு, ஆடினாலும் சரி, பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி. ஆறு பேருடைய ரைடுக்காகப் பதினேழு பேருக்குப் பெரிய பூங்காவின் டிக்கெட் எடுக்கிறோமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் கேளிக்கைப் பூங்காக்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது பெரிய நிம்மதி. அப்படியும் பெரிய குடும்பம் போய்வந்தால் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு கரைந்துவிடுகிறது. சனி, ஞாயிறைவிட வாரநாளில் கூட்டமும் குறைவு, பல நேரம் விலையும் குறைவு. செவ்வாய், புதன் பார்த்துப் போவது நல்லது.

வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டுக்கு வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை, அதற்கு மேல் பெரியவர். அந்த அளவுக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பெற்றவர்கள் "முதுகை நிமிர்த்தாதே, சும்மா நில்லு" என்பார்கள், பையன் குதிகாலைத் தூக்குவான். குழந்தை டிக்கெட் என்றால் பெரிய ரைடுகளில் ஏற்றமாட்டார்கள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். போன முறை அக்காவின் பேரன் 138-இல் நின்றுவிட்டான். "மாமா தாத்தா, முடியையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அந்த இரண்டு சென்டிமீட்டரில் விளையாட வேண்டாம். ரைடின் தடுப்பு ஒரு குறிப்பிட்ட உடலளவுக்குச் செய்தது. சிறிய உடம்பு அதில் நழுவும். எந்தப் பூங்காவானாலும் பணியாளரிடம் கெஞ்சி ஏற்றிவிடுகிற பழக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

தண்ணீரில் இறங்க நைலான் துணி கட்டாயம் என்பார்கள். வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே வாங்குகிற செலவு மிச்சம். ஒரு பூங்காவில் (ஊர் வேண்டாம்) லாக்கர் கிடைக்காமல் செருப்பையும் செல்போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா மூன்று மணி நேரம் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து உள்ளே நுழைந்ததும் லாக்கர் எடுப்பதுதான் எங்களுக்கு முதல் வேலை. வெளிச்சாப்பாட்டைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். புளிசாதமும் தட்டுவடையும் வழியிலேயே தீர்ந்துவிட வேண்டும்.

வேன் பிடிக்க வசதியில்லாதவர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பெரிய அனுகூலம் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டி சேலம் ஜங்ஷனில் நிற்கும். ஏறிப் படுத்தால் விடியும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடலாம். பிடதிக்கோ இள்ளலூருக்கோ இப்படி நேராகக் கொண்டுபோய் விடுகிற ரயில் நமக்கு இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மே மாதம் ஊட்டி சீசனில் அந்த ரோடு வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். ஏப்ரல் கடைசிக்குள் போய்வந்துவிட வேண்டும்.

உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளலாமே என்று அம்மா சொல்வார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு ஏரியில் படகு, கோடை விழா சமயமென்றால் பூக்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டிப் பொருட்காட்சியும் ராட்டினமும். அவருடைய சந்தோஷத்துக்கு அதுவே தாராளம். பதினாறு வயதுப் பையனுக்குத் தாராளமில்லை, அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

என் முடிவு இதுதான். பாட்டியும் கைக்குழந்தையும் கூட வருகிற குடும்பத்துக்கு, ஒரே நாளில் போய்வர, மேட்டுப்பாளையம். கூட வருகிறவர்களில் பாதிக்கு மேல் பன்னிரண்டைத் தாண்டியவர்கள் என்றால் கொஞ்சமும் யோசிக்காமல் பிடதி, இரண்டு டிரைவரோடு. சென்னைப் பூங்கா நன்றாகவே இருக்கிறது. ஆனால் சேலத்திலிருந்து அதை ஒருநாள் பயணமாக வைக்கவே வைக்காதீர்கள். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாள் ராத்திரியே போய்ப் படுத்துவிட்டு, மகாபலிபுரத்தையும் சேர்த்து இரண்டு நாளாக வையுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த வருடம் எந்தப் பூங்கா என்பது நேற்றுதான் தீர்ந்தது. அக்கா பேரனை நிலைக்கதவில் ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் நோட்டை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். டேப்பை விரித்தால் 142. அம்மாதான் முதலில் சொன்னார்: "பிடதிக்கே வேன் பேசுடா. நான் அலைக்குளத்துல காலை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்துக்கறேன்." இரண்டாவது டிரைவருக்குச் சொல்லிவிட்டேன்.