புதுச்சேரியில் பழைய கிட்டார் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்: என் 38,500 ரூபாய் போன விதம்

நேற்று மாலை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரேடியோ மெக்கானிக்கின் மேசைமேல் என் 38,500 ரூபாய் மல்லாந்து கிடந்ததைப் பார்த்தேன். வயிறு எரிகிறது. எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா வகை வாசிப்புக்கும் ஒத்துவரும் ஆம்ப்ளிஃபயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவன். ஞாயிறு காலை தேவாலயத்திலும், முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் கிட்டார் வாசிக்கிறேன். தேவாலயத்தில் மணி அடித்தாற்போல் சுத்தமான ஒலி வேண்டும். கல்யாண வரவேற்பில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் கரகரப்போடு உறும வேண்டும். வேலை முடிந்து நள்ளிரவில் வாசித்தால் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது. மூன்றுக்கும் ஒரே பெட்டி. பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 போன்ற மாடலிங் ஆம்ப் போதும் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தேன். பல ஆம்ப்களின் குணத்தை டிஜிட்டல் முறையில் பாவனை செய்யும், 12 அங்குல ஸ்பீக்கர் இருக்கிறது, சக்தியை 50 வாட்டிலிருந்து அரை வாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம். அந்த முடிவிலேயே நின்றிருக்க வேண்டும்.

கடை புதுச்சேரியில், ஒரு பெரிய வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் கடை. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கே வம்பு வரும் என்று நண்பர்கள் தடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. போன் செய்துவிட்டுத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும் கடைக்காரர், "வாருங்கள் தம்பி, நீங்கள் வருகிறீர்கள் என்று அரை மணி நேரமாகச் சூடேற்றி வைத்திருக்கிறேன். வால்வு ஆம்ப் சூடேறினால்தான் பேசும்" என்றார். பெட்டியின் முன்பக்கக் கம்பி வலைக்குள் ஒரு வால்வு, அதாவது பழைய ரேடியோக்களில் ஒலியைப் பெருக்கிய கண்ணாடிக் குழாய், ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகை அகல்போல அவ்வளவு அழகு. எனக்காக அரை மணி நேரம் சூடேற்றி வைத்த மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது? டீ வரவழைத்தார். என் கிட்டாரை வாங்கித் தானே சுருதி சேர்த்தார். கம்பி மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அக்கறையாகச் சொன்னார். ஒலியை மாற்றிக் காட்டும் தன்னுடைய பெடல் ஒன்றை நடுவில் இணைத்து, வாசியுங்கள் என்றார்.

வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சந்துக்குள் கடை, அதனால் ஒலியளவை மூன்றுக்கு மேல் வைக்க வேண்டாம் என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது.

கட்டானா என்று நான் வாயெடுத்ததும் சிரித்தார். "அது கம்ப்யூட்டர் தம்பி. பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி30 வால்வு. ஹென்ட்ரிக்ஸ் வாசித்த மார்ஷல் வால்வு. இதுவும் வால்வு, 40 வாட்." வாக்ஸைப் பற்றியும் மார்ஷலைப் பற்றியும் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பெட்டியைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் பொய். 45,000 என்று ஆரம்பித்து, "தேவாலயத்துக்கு வாசிக்கிற பிள்ளை" என்று 38,500 ரூபாய்க்கு இறங்கினார். பதினெட்டு மாதம் கட்டிய சீட்டை எடுத்த பணம். 20,000 போன் வழியாக, மீதி ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டால் வரி ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று ஒரு துண்டுச் சீட்டில் 'ஆம்ப் 1, 38,500' என்று எழுதிக் கொடுத்தார். கடை முத்திரைகூட இல்லை. போனில் போன பணமும் கடைப் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒரு தனிநபர் பெயருக்குப் போயிருக்கிறது. இதை இன்று காலையில்தான் கவனித்தேன்.

பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். தவளக்குப்பம் தாண்டும்போது, இவ்வளவு இலகுவாக இருக்கிறதே, மேடைக்கு மேடை தூக்கிப்போக வசதி என்று மகிழ்ந்தேன். மடையன். 40 வாட் வால்வு ஆம்ப் என்றால் உள்ளே இரும்புக் கட்டிகளாக டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஸ்பீக்கரோடு சேர்த்து இருபது கிலோவை ஒட்டி வரும். இது 12 கிலோகூட இல்லை.

மறுநாள் தேவாலயத்தில் இரண்டாவது பாட்டிலேயே ஒலி உடைந்தது. மெல்லிய வாசிப்புக்கும் தகர டப்பாவில் வண்டு புகுந்ததுபோல ஒரு சத்தம். காணிக்கைப் பாட்டு வந்தபோது கருகல் வாடை. பெரியவர் ஒருவர் சாம்பிராணி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலையே போன் செய்தேன். "வால்வு என்றால் சூடாகத்தான் இருக்கும் தம்பி, பழகிவிடும்." புதன்கிழமை: "கடலூரில் கரண்ட் சரியில்லை, ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள்." அடுத்த வாரம் கடைப் பையன் எடுத்தான்: "அண்ணன் சென்னைக்குப் போயிருக்கிறார்." வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பிய நான்கு பதிவுகளுக்கும் நீல நிறக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. லீவு போட்டு நேரில் போனேன். டீயும் இல்லை, தம்பியும் இல்லை. "பழைய பொருளுக்கு யார் சார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? நீங்கள் வாசித்துப் பார்த்துத்தானே எடுத்துப் போனீர்கள்?" என்றார். மூன்று வாரத்தில் தம்பி சாராகிவிட்டேன்.

இனி நேற்று நடந்தது. மெக்கானிக் ஐயா ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மறுபடி இணைத்துப் போட்டார். வால்வு என் கையில் இருக்கிறது. வெறும் குழியில் ஆரஞ்சு விளக்கு அப்படியே எரிகிறது. அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. "இப்போது வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். அதே ஒலி, துளி மாற்றமில்லை. அந்த வால்வுக்கும் ஒலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, வெறும் அலங்காரம். உள்ளே ஒலியைப் பெருக்குவது டிரான்சிஸ்டர்.

அதைவிட மோசம் ஸ்பீக்கர். பெட்டியின் பின்னால் 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருப்பது 4 ஓம், விளிம்பில் ரப்பர் வளையம் வைத்த, வீட்டுப் பாட்டுப் பெட்டிக்குப் போடும் ஸ்பீக்கர். "கிட்டார் ஸ்பீக்கருக்கு விளிம்பு காகித மடிப்பாக விறைப்பாக இருக்கும் தம்பி. அசலைக் கழற்றித் தனியாக விற்றிருப்பார்கள்" என்றார் ஐயா. 8 ஓமுக்குச் செய்த டிரான்சிஸ்டர் ஆம்பில் 4 ஓமை மாட்டினால் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தேவாலயத்தில் வந்த சாம்பிராணி வாடை அதுதான்.

டிரான்சிஸ்டர் என்பதற்காக நான் கோபப்படவில்லை. ரோலண்ட் ஜேசி-120 என்ற ஆம்ப் 1975-இல் வந்தது, அதில் ஒரு வால்வுகூடக் கிடையாது, சுத்தமான ஒலிக்கு இன்றும் அதைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள். டிரான்சிஸ்டர் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் வாங்கியிருப்பேன். எல்.இ.டி விளக்குக்கா 38,500 ரூபாய்? அந்தப் பணத்தில் காதுக்கு ஒரு கம்மலாவது ஆகியிருக்கும் என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு பேசவே இல்லை.

இன்று காலை கடைக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "பிரித்துவிட்டீர்களா? அப்படியானால் இனி நாங்கள் பொறுப்பில்லை" என்று வைத்துவிட்டார்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இரவு ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும், தோன்றியதை மட்டும் சொல்கிறேன். ஆம்ப் ஆறிக் கிடக்கும்போது போய் உங்கள் கையால் போடுங்கள். வால்வு ஆம்ப் சில நொடிகளாவது ஊமையாக இருந்துவிட்டுத்தான் பேசும். போட்டவுடனே கத்தினால் வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் கிட்டார், உங்கள் வயர், நடுவில் யாருடைய பெடலும் வேண்டாம். மேடையில் வைக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டி இருபது நிமிடம் வாசியுங்கள். பின்பக்கம் திருப்பி ஸ்பீக்கரில் எத்தனை ஓம் என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், நம் 230-இல் நேரே செருகினால் அன்றோடு தீர்ந்தது. பில் வாங்குங்கள், பில் வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் புகார் கொடுக்கலாம். கொடுத்திருக்கிறேன். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அந்தக் கடைக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. வேறொரு பெட்டி, கம்பி வலைக்குள் அதே ஆரஞ்சு விளக்கு. 'அசல் வால்வு, 40 வாட், 42,000 மட்டுமே. ஞாயிறு கடை உண்டு.'