சேர்ந்து படிக்கச் செவ்வியல் நாவல்: இந்த வாசிப்புக் குழு எப்படி?

ஆன்லைனில் செவ்வியல் நாவல்களைச் சேர்ந்து படிக்கும் ஒரு குழுவில் கொஞ்ச காலமாக இருக்கிறேன். சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகச் சேருங்கள். முக்கியக் காரணம் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம். சும்மா வாக்கெடுப்பு வைத்தால் எல்லோருக்கும் பெயர் தெரிந்த நாவல்தான் ஜெயிக்கும், பாதியில் ஆளே இருக்க மாட்டார்கள். இங்கே வாக்கெடுப்புக்கு முன்னாலேயே எவ்வளவு பெரிய நாவல், எத்தனை பாகம், இலவசப் பிரதி கிடைக்குமா என்பதையெல்லாம் எழுதிப் போடுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1871-72இல் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த நாவல் என்பதால் எங்கே நிறுத்திப் பேசுவது என்ற சண்டையே வரவில்லை, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு கூட்டம், அவ்வளவுதான். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' 361 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு வருடத்துக்குச் சரியாக வரும், பெரும்பாலும் சின்னச் சின்ன அத்தியாயங்கள் என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் பின்தங்க வேண்டியதில்லை.

குறை என்றால் பதிப்பு விஷயம். ஆளுக்கொரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பக்க எண் சொன்னால் யாருக்கும் இடம் பிடிபடுவதில்லை. அத்தியாய எண்தான் சொல்ல வேண்டும் என்று கறாராக விதி போடலாம்.

அப்புறம், முடிவு தெரிந்தவர்கள் பேசுவதற்குத் தனி அறை வைத்திருக்கிறார்கள், பெரிய நிம்மதி. ஆனால் ரஷ்யா, இங்கிலாந்து என்றே சுற்றிச் சுற்றி வருவது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். அடுத்த பட்டியலிலாவது வங்காளம், ஜப்பான் பக்கம் திரும்ப வேண்டும்.