ஒற்றைப் பயிரா, கலப்புப் பயிரா?

2030க்குள் பசியை ஒழிப்போம் என்று 2015இல் ஐ.நா. நாடுகள் உறுதி எடுத்தன. அதற்கு எந்த வயல் கைகொடுக்கும்?

ஒற்றைப் பயிரில் விதைப்பும் அறுவடையும் சுலபம். நல்ல வருஷத்தில் மூட்டைகள் குவியும். ஆனால் நோய் ஒன்று வந்தால் மொத்தமும் போச்சு. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அப்போதும் அங்கிருந்து தானியம் கப்பலேறியது, நினைத்தாலே வலிக்கிறது.

கலப்புப் பயிரில் வேலை அதிகம். சரி, பலன்? தானியத்தோடு கலந்து விதைத்த ஒரு பயறுச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கும் பாக்டீரியா அங்கேதான் இருக்கிறது. அப்புறம், மழை பொய்த்து ஒரு பயிர் கருகினாலும் இன்னொன்று கொஞ்சமாவது வீடு வந்து சேரும். சிறு நிலக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான்.